பிள்ளையின் கோபமும் பயமும்: பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

(குடும்ப நலக் கூட்டத்தில் பெற்றோர்களிடம் ஆற்றிய உரை)



பிள்ளை பிறந்ததும் நாம் எதையெல்லாம் கவனிக்கிறோம்? மாதாமாதம் எடை போடுகிறோம். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம் என்று கணக்கு வைத்துத் தடுப்பூசி போடுகிறோம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்கு மேல் பருப்புச் சாதமும் கீரையும் முட்டையும் என்று பார்த்துப் பார்த்து ஊட்டுகிறோம். உடம்புக்கு ஒன்று என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எல்லாம் சரிதான்.

ஆனால் அதே பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுதால் என்ன செய்கிறோம்? "சனியன், அடங்க மாட்டேங்குது" என்று முதுகில் ஒரு போடு போடுகிறோம். அல்லது "பூச்சாண்டி வர்றான் பாரு" என்கிறோம். இல்லாவிட்டால் கையில் போனைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். பிள்ளையின் அழுகை நின்றுவிடும். எதற்காக அழுததோ அது உள்ளேயே தங்கிவிடும்.

இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். ஒரு வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்குக் கோபம், பயம், பொறாமை, துக்கம் எல்லாம் வருகின்றன. அவை வரும்போது தாயும் தகப்பனும் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

பிள்ளை ஏன் அடம்பிடிக்கிறது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை உங்களைப் பழிவாங்குவதற்காக அடம்பிடிப்பதில்லை. உங்கள் மானத்தை வாங்க வேண்டும் என்று சந்தையில் வைத்து அழுவதில்லை. அவ்வளவு யோசனை அதற்குக் கிடையாது.

பிறந்த பிள்ளையின் மூளை, பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு எடைதான் இருக்கும். ஐந்தாறு வயதுக்குள் அது பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடும். ஆனால் ஆத்திரத்தை அடக்கி, நின்று நிதானித்து, யோசித்து நடக்கச் செய்யும் பகுதி ஒன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. ஆகவே ஆத்திரம் பெரியவருக்கு இருக்கிற அளவு இருக்கும். அதை அடக்குகிற சக்தி மட்டும் இன்னும் வளர்ந்திருக்காது.

பேச்சும் அப்படித்தான். இரண்டு வயதில் பிள்ளை இரண்டிரண்டு வார்த்தையாகச் சேர்த்துப் பேசும். "அம்மா வா", "பால் வேணும்" என்று சொல்லத் தெரியும். "அண்ணன் என் வண்டியைப் பிடுங்கிவிட்டான், நீங்களும் அவன் பக்கமே பேசுகிறீர்கள், எனக்கு ஆத்திரமாக வருகிறது" என்று சொல்லத் தெரியுமா? தெரியாது. சொல்லத் தெரியாததைப் பிள்ளை உடம்பால் சொல்கிறது. காலை உதைக்கிறது, கடிக்கிறது, சாமானைத் தூக்கி எறிகிறது. இரண்டு மூன்று வயதில் இது மிக அதிகமாக இருக்கும். பேச்சு வளர வளரக் குறையும்.

கோபம் வேறு, அடிப்பது வேறு

இந்த உரையில் ஒரே ஒரு செய்தியைத்தான் வீட்டுக்குக் கொண்டு போக முடியும் என்றால், இதைக் கொண்டு போங்கள். கோபம் வருவதில் குற்றமில்லை. பயப்படுவதிலும் அழுவதிலும் குற்றமில்லை. கோபத்தில் தம்பியை அடிப்பதும் கல்லை எடுத்து எறிவதும்தான் கூடாத காரியம். மனதில் வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். கூடாத செயலை மட்டும் தடுத்து நிறுத்துங்கள்.

இதை எப்படிச் செய்வது? ஓர் உதாரணம் சொல்கிறேன். வாரச் சந்தைக்குப் பிள்ளையோடு போகிறீர்கள். பலூன்காரரைப் பார்த்ததும் பிள்ளை கேட்கிறது. கையில் காய்கறி வாங்கத்தான் காசு இருக்கிறது. "இல்லை" என்கிறீர்கள். பிள்ளை மண்ணில் விழுந்து புரள்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, முதலில் நீங்கள் நிதானத்துக்கு வாருங்கள். ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். எல்லோரும் பிள்ளை வளர்த்தவர்கள்தான்.

இரண்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். வண்டி வாகனம் வருகிற இடமாக இருந்தால் தூக்கி ஓரமாகக் கொண்டு போங்கள்.

மூன்று, அதன் மனதில் இருப்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "பலூன் வேணும்னு ஆசையா இருக்கு. அம்மா வாங்கித் தரலைன்னு கோவம் வந்துருச்சு. அப்படித்தானே கண்ணு?" இதைக் கேட்டதும் பிள்ளைக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. நம்மைப் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது என்பது ஒன்று. உள்ளே கொதிக்கிற இதற்குக் "கோவம்" என்று ஒரு பெயர் உண்டு என்பது இன்னொன்று. பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த முறை உதைப்பதற்குப் பதிலாக "எனக்குக் கோவம்" என்று சொல்லப் பழகும்.

நான்கு, சொன்ன சொல்லில் நில்லுங்கள். "இன்னைக்குப் பலூன் இல்லை" என்றால் இல்லைதான். கத்தலுக்குப் பயந்து வாங்கிக் கொடுத்தால், கத்தினால் கிடைக்கும் என்று நாமே பாடம் சொல்லிக் கொடுத்ததாக ஆகும். அம்மா இல்லை என்று சொல்லி அப்பா வாங்கிக் கொடுப்பதும் இதே கதைதான். கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அப்பத்தாவிடமும் தாத்தாவிடமும் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

ஐந்து, அடித்தால், கடித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "கோவம் வரலாம். அடிக்கக் கூடாது. தம்பிக்கு வலிக்கும்." அவ்வளவு போதும். அழுகிற நேரத்தில் நீண்ட புத்திமதி காதில் ஏறாது. பெரும்பாலும் சில நிமிடங்களில் அழுகை அடங்கும். அடங்கியதும் மடியில் போட்டுத் தட்டிக் கொடுங்கள். புத்தி சொல்வதற்கு அதுதான் சமயம்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

அடிக்கடி சிணுங்குகிற பிள்ளைக்கு மனதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பசியாக இருக்கும். தூக்கம் போதாமல் இருக்கும். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ராத்திரி பதினொரு மணி வரை டி.வி. ஓடுகிற வீட்டில் பிள்ளை எப்படித் தூங்கும்? மறுநாள் காலையில் அது எரிந்து விழுந்தால் குற்றம் யாருடையது?

காய்ச்சல், காது வலி, பல் முளைப்பது, வயிற்றுப் பூச்சி இவையும் காரணமாக இருக்கலாம். இரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்தும் எரிச்சலோடும் இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டிய இரும்புச் சத்து மருந்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு நீக்க மாத்திரை தரப்படுகிறது. அதையும் தவறவிட வேண்டாம்.

சில பிள்ளைகள் அழுது அழுது மூச்சை அடக்கிவிடும். உதடு நீலம் பாய்ந்து, உடம்பு துவண்டு விழும். பார்க்கிற தாய்க்கு உயிரே போய்விடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் வருவது இது. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிடித்துக் குலுக்காதீர்கள். கையில் சாவிக்கொத்து கொடுக்க வேண்டியதில்லை. முதல் தடவை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பு நோயா, வெறும் மூச்சடக்கமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் இரத்தசோகையும் ஒரு காரணம் ஆனதால், இரும்புச் சத்து மருந்து கொடுத்ததும் பல பிள்ளைகளுக்குக் குறைந்துவிடுகிறது. ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு திரும்பாவிட்டாலும், வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடித்தால் அடங்குமா?

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். மாட்டுக்கே அது சரியா என்று நல்ல உழவரைக் கேட்டுப் பாருங்கள். தினம் அடி வாங்குகிற மாடு ஆளைக் கண்டாலே மிரளும், முட்டவும் செய்யும். தடவிக் கொடுத்துப் பழக்கிய மாடுதான் குரலுக்குத் திரும்பும்.

அடித்தால் பிள்ளை அப்போதைக்கு அடங்கும். உண்மைதான். ஆனால் அது என்ன கற்றுக்கொள்கிறது? கோபம் வந்தால் தன்னைவிடச் சிறியவரை அடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகும்படி அவமானப்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாத்தியாருக்கு ஆகாதது வீட்டில் நமக்கு மட்டும் ஆகுமா?

கைக்குழந்தை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. விடிய விடிய அழுகிற குழந்தையை ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். குழந்தையின் கழுத்து பலமில்லாதது. குலுக்கினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பொறுமை போய்விட்டது என்று தெரிந்தால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். புருஷனையோ மாமியாரையோ கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்த மருந்துக் கடையில் தூக்கத்துக்குச் சிரப் வாங்கி ஊற்றுவது கூடவே கூடாது. சூடு போடுவதும் மகா பாவம்.

பயம் காட்டி வளர்க்காதீர்கள்

"சாப்பிடலைன்னா பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிருவான்." "அழுதா போலீஸ்காரர் வருவாரு." "நர்ஸ் அக்கா வந்து ஊசி போட்டுருவாங்க." இதையெல்லாம் நாம் விளையாட்டாகச் சொல்கிறோம். பிள்ளை நிஜமாகவே நம்புகிறது.

இதன் பலன் என்ன தெரியுமா? 5 வயதுத் தடுப்பூசிக்கு வருகிற பிள்ளை, செவிலியரைக் கண்டதும் வேலியைத் தாண்டி ஓடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை, உதவிக்கு வருகிற போலீஸ்காரரைப் பார்த்து ஒளிந்துகொள்கிறது. ஆபத்து நேரத்தில் யாரிடம் போக வேண்டுமோ அவர்களையே எதிரியாகக் காட்டி வைத்திருக்கிறோம்.

ஊசி போடக் கூட்டிக்கொண்டு வரும்போது "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்சம் வலிக்கும். அப்பா கையைப் பிடிச்சுக்கிறேன். சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். உண்மை சொன்ன அப்பாவை அடுத்த முறையும் நம்பும்.

இருட்டைக் கண்டு பயப்படுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "இதுக்கா பயப்படுறே, நீ ஆம்பளைப் பிள்ளையா?" என்று கேட்காதீர்கள். "இருட்டா இருந்தா பயமா இருக்கா? வா, ரெண்டு பேரும் விளக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்ப்போம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். மூலையில் இருப்பது சாக்கு மூட்டைதான், பேய் இல்லை என்று தன் கண்ணால் பார்க்கட்டும். இன்று வாசற்படி வரை, நாளை முற்றம் வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். கோயிலில் திருநீறு பூசினால் மனசு தேறுகிறது என்றால் பூசுங்கள், நமக்கு ஆட்சேபணை இல்லை. பயம் தெளிய வைக்கிறோம் என்று வேப்பிலையால் அடிப்பதும் புகை போட்டு மூச்சுத் திணற வைப்பதும்தான் வேண்டாம்.

வேலைக்குப் போகிற தாய்மார்கள் ஒன்று செய்கிறார்கள். பிள்ளை பார்த்தால் அழும் என்று கொல்லைப்புறமாக நழுவிவிடுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பிறகு அந்தப் பிள்ளை உங்கள் முந்தானையை விடுமா? எந்த நேரம் காணாமல் போவாளோ என்று எந்நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே சொல்லிவிட்டே போங்கள். "அம்மா களை எடுக்கப் போறேன். நீ சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சதும் வந்துருவேன்." அழத்தான் செய்யும். ஆனால் சொன்னபடி வந்து சேர்ந்தால் நாலைந்து நாளில் நம்பிக்கை பிறக்கும். அங்கன்வாடிக்கு முதல் நாள் விடும்போதும் இதே முறைதான்.

தம்பி பிறந்ததும் வருகிற பொறாமை

இதுவரை மடியில் இருந்த பிள்ளைக்கு ஒரு நாள் மடி பறிபோகிறது. வருகிறவர்கள் எல்லோரும் புதுக் குழந்தையைத்தான் கொஞ்சுகிறார்கள். "இனி உன்னை யாரும் பார்க்க மாட்டாங்க, தம்பி வந்துட்டான்" என்று வேடிக்கையாக வேறு சொல்லிவிட்டுப் போகிறார்கள். மூத்தது என்ன செய்யும்? நின்றுபோன படுக்கையில் ஒன்றுக்குப் போவது திரும்பவும் வரும். மழலை பேசும். யாரும் பார்க்காத நேரம் தம்பியைக் கிள்ளும்.

இதற்குத் தண்டனை கொடுத்தால் பொறாமை கூடும். பிரசவத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த பின்பு, துண்டு எடுத்துத் தருவது, தொட்டில் ஆட்டுவது போன்ற சின்ன வேலைகளைக் கொடுத்துப் பாராட்டுங்கள். "அம்மா தம்பியையே வச்சிருக்கான்னு வருத்தமா இருக்கா சாமி?" என்று கேளுங்கள். தினம் கால் மணி நேரமாவது மூத்ததோடு மட்டும் இருங்கள். இங்கேதான் தகப்பனார்களின் உதவி பெரிதும் வேண்டும். மூத்ததைக் குளிப்பாட்டுவது, கடைக்குக் கூட்டிப் போவது, ராத்திரி கதை சொல்லிப் படுக்க வைப்பது இவற்றை அப்பா ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்கு இழந்தது பாதி திரும்பிவிடும். எதுவானாலும், மூத்தது மிகச் சிறியதாக இருந்தால் இருவரையும் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு பிரசவத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு கழித்தே அடுத்த கர்ப்பம் தரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயின் உடம்பு தேறுவதற்காகச் சொல்வது அது. மூத்த பிள்ளையின் மனதுக்கும் அது நல்லது. அம்மா மடியில் ஆசை தீர இருந்து, நாலு வார்த்தை பேசக் கற்ற பிறகு தம்பி வந்தால், "எனக்கும் மடி வேணும்" என்று வாயால் கேட்கும். காப்பர்-டி, கருத்தடை ஊசி, மாத்திரை, ஆணுறை எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

துக்கத்தை மறைக்க வேண்டாம்

வீட்டில் அப்பத்தா இறந்துபோகிறார். பிள்ளை கேட்கிறது, "அப்பத்தா எங்கே?" "தூங்குறாங்க" என்று சொல்லிவிடுகிறோம். அன்று ராத்திரி அந்தப் பிள்ளை தூங்கப் பயப்படும். தூங்கினால் தன்னையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று நினைக்கும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொன்னால், நாளைக்கு நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது நடுங்கும்.

உண்மையைச் சின்ன வார்த்தையில் சொல்லுங்கள். "அப்பத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியாம செத்துப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க. நமக்கெல்லாம் வருத்தமா இருக்கு. நீயும் அழலாம்." சாமிகிட்டே போய்விட்டார்கள் என்பது உங்கள் நம்பிக்கையானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும். சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். அழுதுவிட்டு அடுத்த நிமிடமே விளையாடப் போனால், பாசமில்லாத பிள்ளை என்று திட்டாதீர்கள். சிறு பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும்.

ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அழ விடாமல் வளர்த்த பையன், வலியையும் வருத்தத்தையும் ஆத்திரமாக மாற்றித்தான் வெளியே காட்டுவான். நாளை அவன் மனைவியும் பிள்ளைகளும் அதை அனுபவிப்பார்கள்.

போனும் டி.வி.யும்

இக்காலத்தில் அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பையாக ஆகிவிட்டது செல்போன். படம் ஓடியதும் அழுகை நிற்கிறது. ஆனால் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளப் பிள்ளை எப்போது பழகும்? போனைப் பிடுங்கினால் முன்னைவிடப் பெரிய ரகளை நடக்கிறதே, அதுவே சாட்சி. இரண்டு வயது வரை போனும் டி.வி.யும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்டும்போது போன் வேண்டாம். நிலாவையும் காக்கையையும் காட்டி ஊட்டுங்கள்.

நல்ல நேரத்தில் பழக்குங்கள்

வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது. பிள்ளை சந்தோஷமாக இருக்கிற நேரத்தில்தான் இதையெல்லாம் பழக்க வேண்டும். காசு செலவில்லாத சில வழிகள் சொல்கிறேன்.

மூச்சு விளையாட்டு: "பூவை மோந்து பாரு" என்று மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். "விளக்கை ஊதி அணை" என்று வாயால் மெதுவாக விடச் சொல்லுங்கள். நாலு தடவை செய்தால் படபடப்பு குறையும். விளையாட்டாகப் பழகியதைக் கோபம் வரும்போதும் செய்யும்.

முகம் பார்க்கும் விளையாட்டு: கண்ணாடி முன் உட்கார்ந்து "கோவ முகம் காட்டு, பய முகம் காட்டு, சிரிச்ச முகம் காட்டு" என்று விளையாடுங்கள். ஒவ்வொன்றின் பெயரும் மனதில் பதியும்.

கதை: நரி, காக்கை, முயல் கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "இப்ப முயலுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். பிறர் மனதை அறிய அதுவே பாடம்.

படுக்கும் முன் பேச்சு: "இன்னைக்கு உனக்குச் சந்தோஷமா இருந்தது எது? வருத்தமா இருந்தது எது?" என்று தினம் கேளுங்கள். சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடனே திட்ட வேண்டாம்.

இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு ஒரு பெரிய பயன் உண்டு. யாராவது தகாத முறையில் தொட்டால், மிரட்டினால், எந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்? "எனக்குப் பயமா இருந்துச்சு" என்று சொல்லப் பழகிய பிள்ளைதான் சொல்லும். சொன்னால் அடி விழும் என்று நினைக்கிற பிள்ளை மறைத்துவிடும். தெரிந்தவர், உறவினர் என்ற பெயரில்கூட இத்தகைய கொடுமைகள் நடக்கின்றன. அப்படிப் பிள்ளை ஏதும் சொன்னால் நம்புங்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினால் உதவி கிடைக்கும்.

பெரியவர்கள் நடந்துகொள்ளும் முறை

பிள்ளை நாம் சொல்வதைவிட நாம் செய்வதைத்தான் பார்த்துப் படிக்கிறது. ராத்திரி குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை எறிகிற தகப்பன், காலையில் பிள்ளையைப் பார்த்து "சாமானை எறியாதே" என்றால் அது கேட்குமா? வீட்டில் அடிதடி நடக்கும்போது பிள்ளை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். தூங்கியிருக்காது. கணவன் மனைவிக்குள் சண்டை வராத வீடு இல்லை. வந்தால் குரலைத் தணித்துப் பேசுங்கள். பிள்ளை முன்னால் சண்டை போட நேர்ந்தால் பிள்ளை முன்னாலேயே சமாதானமும் ஆகுங்கள். குடியை விட முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், சிகிச்சை உண்டு.

பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்களுக்குக் காரணம் தெரியாமல் அழுகை வரும், குழந்தையைத் தூக்கவே பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது நோய், நடிப்பில்லை. வைத்தியம் செய்தால் குணமாகும். தாய் மனம் தேறினால்தான் பிள்ளை மனமும் தேறும்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

கோபத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, ஐந்து வயதாகியும் தினம் பலமுறை ரகளை செய்யும் பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத, முகம் பார்த்துச் சிரிக்காத பிள்ளை, பேசிய பேச்சை மறந்துபோன பிள்ளை, வாரக்கணக்கில் சாப்பிடாமல் விளையாடாமல் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளை இவர்களைத் தாமதிக்காமல் காட்டுங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னால் போதும். தேவையானால் மாவட்டத்தில் உள்ள உரிய மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. கோபம், பயம், அழுகை வருவது குற்றமில்லை. அடிப்பதையும் கடிப்பதையும் மட்டும் தடுங்கள்.
2. பசியா, தூக்கமா, நோயா என்று முதலில் பாருங்கள்.
3. பிள்ளையின் மனதில் இருப்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.
4. கணவனும் மனைவியும் ஒரே பேச்சாக இருங்கள்.
5. பூச்சாண்டி, போலீஸ், ஊசி என்று பயம் காட்டாதீர்கள்.
6. சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். பொய் சொல்லாதீர்கள்.
7. கைக்குழந்தையை ஒருபோதும் குலுக்காதீர்கள்.
8. தினமும் படுக்கும் முன் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. வயல் வேலை, வீட்டு வேலை, கடன் கவலை எல்லாம் உங்களுக்கு உண்டு என்பது தெரியாமல் சொல்லவில்லை. இன்று ராத்திரி ஒன்றே ஒன்று செய்யுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்து, "இன்னைக்கு உனக்கு என்ன வருத்தம்?" என்று கேளுங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் புரண்டு படுத்துக்கொள்ளும். மறுநாளும் கேளுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செவிலியரிடமும் கேட்கலாம்.